பங்கேற்பாளர் 37

ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கச் சொன்னார் டாக்டர் சிக்ருன்.
இரண்டே பக்கம், வெள்ளிக்குள்.
முதல் வரியிலேயே நின்றுவிட்டேன்.
சளிச்சவ்வு என்று எழுதி
தொலைபேசியில் வாசித்தேன்.
"எனக்குச் சளி ஒண்டும் இல்லையே தங்கச்சி,
போன மாதமே விட்டுட்டுது."

அந்தச் சளி இல்லை அக்கா.
உள்ளே ஈரமாகவே இருக்கும் தோல்.
வாய், மூக்கு, கண், பிறகு
"பிறகு?"

பன்னிரண்டு ஆண்டாக இந்த ஆய்வுக்கூடத்தில்
அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் தினமும் சொல்கிறேன்,
பேருந்து நிறுத்தத்தின் பெயரைப் போல.
தமிழில் நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது.
அவளே கேட்டாள்: "கீழையா?"
கீழேதான்.

உடம்புக்கு ஒன்பது வாசல் என்று கணக்கு.
எண்ணியவர் ஆண்,
தன்னைத் தடவிப் பார்த்து எண்ணியிருக்கிறார்.
பத்தாவது ஒன்று இருக்கவேண்டும் என்று தோன்றியபோது
உச்சந்தலையில் தேடப் போனார்கள்.

வினிபெக்கில் இன்று மைனஸ் முப்பத்து நான்கு.
உறைபெட்டிக்குள் மைனஸ் எண்பது.
கையுறை மேல் கையுறை மாட்டி
37-இன் குழாய்களை எடுக்கிறேன்:
எச்சில், மூக்கைக் கழுவிய நீர், ரத்தத்தின் தெளிவு,
சின்னக் கிண்ணத்தில் ஊறி வந்தது,
கண்ணீர் நனைத்த இரண்டு காகிதத் துண்டு.

மாதச் சுழற்சியின் எத்தனையாம் நாள் என்ற கட்டத்தில்
"ஞாயிறு" என்று எழுதியிருக்கிறாள்.
என் மொழிபெயர்ப்பின் குற்றம்.
அந்தக் கணக்கில்லாமல் பத்தாவது வாசலின் எண்ணுக்கு
அர்த்தம் பாதிதான்.
திரும்ப அழைக்க எனக்கு அனுமதி இல்லை.
எண் தெரியும், குரல் தெரியும், பெயர் தெரியக்கூடாது.

கண்ணீருக்குத் தனி விதி.
செவிலி மரிலூ எல்லோரிடமும் சொல்வாள்: அழவேண்டாம்.
அழுத கண்ணீரில் தண்ணீர்தான் அதிகம்.
சும்மா இருக்கும் கண்ணின் ஓரத்தில்
தானாக ஊறி நிற்பதுதான் கெட்டி,
காவல் அதில்தான்.
37-இன் தாளில் மரிலூவின் கோணல் எழுத்து:
இடக்கண் சரி. வலக்கண், அழுதார்.
காரணம் கேட்கவில்லை. ஒதுக்கவும்.

ஒதுக்கவில்லை.
தட்டில் கடைசிக் குழி காலியாக இருந்தது.

நீலம் மெல்ல ஏறுகிறது.
அமிலம் விட்டதும் மஞ்சள்.
மங்கலம் என்று யாராவது பாட்டெடுப்பதற்குள்
கருவியில் நுழைத்து எண்ணை வாங்கிவிடுவேன்.

எச்சிலில் ஏ வகை, அடர்த்தியாக.
மூக்கில் அதே ஏ, கொஞ்சம் மெலிந்து.
பத்தாவதில் வேறு கதை.
ஜி வகை முன்னே நிற்கிறது,
ரத்தத்திலிருந்து கசிந்து வந்து.
ஒரே பெண். ஒரே காலை.
வாயைக் கேட்டுக் கீழே உள்ளதைச் சொல்ல முடியாது,
கையில் குத்தி எடுத்த ரத்தத்தைக் கேட்டாலும்
முழுதாகச் சொல்லாது.
அங்கேயே போய்க் கேட்கவேண்டும்.
இவ்வளவு காலம் ஏன் கேட்கவில்லை என்பதற்கு
எங்கள் தட்டில் குழி இல்லை.

கடைசிக் குழி வெளிறிக் கிடந்தது.
வலக்கண் நிறமே பிடிக்கவில்லை.
விதி சரி, மரிலூ சரி.
நான் என்ன எதிர்பார்த்தேனோ.
அந்த எண்ணை அறிக்கையில் சேர்க்காமல்
கையேட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்தேன்.

மாலையில் படிவத்தின் இரண்டாம் பதிப்பு.
"கீழே" என்று தட்டி, அழித்து,
யோனி என்று எழுதினேன்.
சிக்ருன் வாய்விட்டு வாசித்துப் பார்த்தார்,
ஒரு தயக்கமும் இல்லாமல், தவறான இடத்தில் அழுத்தி.
நானும் சொல்லிக் காட்டினேன். இரண்டு முறை.

வில்லியம் அவென்யூவில் பேருந்து பதினோரு நிமிடம் தாமதம்.
காற்று முகத்தைச் சீவுகிறது,
இமைமயிரில் நீர் கட்டி உறைகிறது.
அழவில்லை, குளிர்தான்.
அளந்தால் ஒன்றும் இருக்காது இதில்.